நாலு மணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவருக்கு

அண்ணா,

இன்று காலையில் என் வீட்டுக்காரர் தியாகதுருகத்திலிருந்து ஒரு சாக்கு மல்லாட்டை, உரிக்காத வேர்க்கடலைதான், கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். சாக்கு புதுசு. சணலும் எண்ணெயும் கலந்த அந்த வாடை வீடு முழுக்க ஏறிவிட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்த என் மகன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். வாயில் இருந்த நுரையோடு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். மூன்று வயது முடிந்துவிட்டது அவனுக்கு. "இன்னாடி ஆச்சு இவனுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியும். நான் சாக்கைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போட்டேன்.

காலையிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பேர் சொன்னால் என்னை உங்களுக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டு, தினம் நாலு மணிக்கு ஒரு பொடியனை உங்கள் சாக்குக் கடை வழியாகத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாளே ஒருத்தி, அவள்தான். செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு நமக்குள் என்ன பழக்கம் என்று யாராவது கேட்டால், பெரிய பழக்கம் ஒன்றும் இல்லை. உங்களிடம் நான் ஒரு வேலை வாங்கினேன். நீங்களும் தட்டாமல் செய்தீர்கள். அதுதான் எனக்குக் கோபம்.

பால்வாடியிலிருந்து என் வீடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தனியாக வந்தால் பத்து நிமிஷம். இவனோடு வந்தால் ஒரு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஜெராக்ஸ் கடை முதலாளி மூன்றரைக்கு விடுவார். நாலரைக்குள் இவனை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திரும்பியாக வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி, வாசலைத் தாண்ட முடியாது. இதெல்லாம் இவனுக்கு எங்கே தெரியப்போகிறது? கல்லைக் கண்டால் உட்காருவான். எறும்பைக் கண்டால் உட்காருவான். ஒன்றையும் காணாவிட்டாலும் உட்காருவான். கையைப் பிடித்துத் தூக்கினால் காலே இல்லாதவன் போலத் தொங்குவான். "நட கண்ணு, நட ராசா" என்று நான் கெஞ்ச, "தூக்கு" என்பான். அவன் வாயில் திருத்தமாக வந்த முதல் வார்த்தையே அதுதான் என்று நினைக்கிறேன்.

தூக்கியிருப்பேன். ஆனால் வயிற்றில் சின்னவள் நாலு மாதம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. "வெயிட்டு தூக்காத, சொல்லிட்டேன்" என்று நர்சம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அதனால் குனிந்து தூக்கப் போன கையை ஒவ்வொரு தடவையும் பின்னால் இழுத்துக்கொள்வேன். ரோட்டில் போகிறவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். "முட்டாயி வாங்கிக் குடும்மா." வாங்கிக் கொடுத்தேன். தின்று முடித்துவிட்டு உட்கார்ந்தான். "ரெண்டு வையி, தானா நடப்பான்." வைத்தேன். ஊரைக் கூட்டினான். ஒரு நாள் நானும் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அதற்கு அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான், பாவி.

ஜூன் மாதம் ஒரு நாள் சரியாக உங்கள் கடைக்கு எதிரே மல்லாந்து படுத்துவிட்டான். தார் கொதிக்கிறது. கரும்பு லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு வருகிறது. என்ன செய்வது என்று தெரியாமல் நிமிர்ந்தேன். எதிரே, கடை வாசல் வேப்பமரத்தடியில் நீங்கள். கிழிந்த சாக்கை மடியில் போட்டுக்கொண்டு ஒரு சாண் நீளக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தீர்கள். பின்னால் ஆள் உயரத்துக்குச் சாக்கு அடுக்கி இருந்தது. கெடா மீசை. வெற்றிலை போட்ட வாய். யோசிக்கவே இல்லை, என் வாயில் தானாக வந்தது.

"டேய், அதோ பாரு சாக்குக்காரரு. நீ நடக்கலன்னா சாக்குல போட்டு தெச்சிடுவாரு."

எழுந்தான். நடந்தான். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தான். அன்றைக்கு நாலு பத்துக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். முகம் கழுவி, ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து குடித்த முதல் டீ அது என்று தோன்றியது.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊசி பாதியில் நின்றதைப் பார்த்தேன். மறுநாள் திட்டப் போகிறீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். நீங்கள் திட்டவில்லை. நாங்கள் கடை முன்னால் வந்ததும் ஒரு காலிச் சாக்கை எடுத்து, இரண்டு கையாலும் அதன் வாயைப் பிரித்துப் பிடித்து, கண்ணை உருட்டினீர்கள். இவன் பறந்தான். அடுத்த வாரம் நான் கடையை நெருங்கும்போதே குரல் கொடுத்தீர்கள்.

"ஏம்மா, இன்னிக்கி லைட்டா போதுமா, ஜாஸ்தியா வேணுமா?"

"லைட்டா போதுங்கண்ணா. இன்னிக்கி கொஞ்சம் நல்லா வரான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

நான் சொல்வதைப் பார்த்து மற்ற அம்மாக்களும் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிடாத பிள்ளைக்குச் சாக்குக்காரர். தூங்காத பிள்ளைக்குச் சாக்குக்காரர். மலையிலிருந்து இறங்குகிற புளிக்கும் கடுக்காய்க்கும் சாக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு, தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்த ஒரு மனுஷனை ஒரே மாதத்தில் பூச்சாண்டி ஆக்கிவிட்டோம். முதலில் ஆரம்பித்தவள் நான். நீங்களாவது ஒரு நாள், "என்ன வச்சி இன்னாத்துக்கும்மா பயமுறுத்துற, நானும் நாலு பேரு மாதிரி மனுசன்தான்" என்று ஒரு அதட்டுப் போட்டிருக்கக் கூடாதா? போட்டிருந்தால் அன்றோடு நின்றிருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே சாக்கைப் பிரித்தீர்கள். யாரோ பெற்ற பிள்ளை, யாரோ கட்டிக்கொண்ட தொல்லை, உங்களுக்கு எதற்கண்ணா அந்த வேலை?

ஆடி பிறந்தபோது கணக்கு தலைகீழாகப் போனது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் உங்கள் கடை இருக்கிறது என்பது இவனுக்குப் புரிந்துவிட்டது. ரேஷன் கடை முனை வரைக்கும் வருவான். அங்கே நின்றுவிடுவான். முன்பெல்லாம் உட்கார்ந்தது அடத்தில். இப்போது நின்றது நடுக்கத்தில். ஒரு நாள் நின்ற இடத்திலேயே டிரவுசரை நனைத்துவிட்டான். நான் குனிந்து துடைத்துக்கொண்டே அவனைத் திட்டினேன். யாரைத் திட்ட வேண்டுமோ அவளை விட்டுவிட்டு அவனைத் திட்டினேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உங்களிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"அய்ய, இன்னாம்மா இது. அவ்ளோ பயந்துட்டானா? நா வெளாட்டுக்குத்தானே செஞ்சேன்."

"தப்பு எம்பேர்லதாங்கண்ணா."

"உம்பேர்ல இன்னா தப்பு. வயித்துல புள்ளய வச்சிக்கினு நீ படற பாட்டத்தான் நா தெனம் பாக்கறனே. வுடு, நா சரி பண்றேன்."

அன்றைக்கே பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்திருந்தீர்கள். நாலு மணிக்கு அதை நீட்டிக்கொண்டு நீங்கள் எழுந்து இரண்டு எட்டு வைத்ததுதான் தாமதம், இவன் போட்ட கத்தலில் எதிர்க்கடைக்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார். நீட்டிய கையோடு அப்படியே நின்றீர்கள். பிறகு பின்பக்கமாகவே நடந்து போய் உட்கார்ந்தீர்கள். "நா திரும்பிக்கிறேன், நீ இட்டுக்கினு போம்மா" என்றீர்கள். ஊசியைத் தொடைக்கு அடியில் ஒளித்துவிட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தீர்கள்.

அப்புறம் தினமும் அதுதான். நாலு மணிக்கு நாங்கள் ரேஷன் கடை முனையில் தெரிந்ததும் திரும்பிக்கொள்வீர்கள். உங்கள் பனியனில் முதுகுப் பக்கம் மூன்று ஓட்டை இருந்தது எனக்கு இன்றைக்கும் தெரியும். சாக்கு வாங்க வந்தவர்கள் அவசரப்பட்டால், "கொஞ்சம் இருப்பா, ஒரு கொழந்த போவுது" என்பீர்கள். "இன்னா பெரியவரே, புதுப் பொண்ணு கணக்கா செவுத்தப் பாத்துக்கினு இருக்கிறீங்க?" என்று ஒரு லாரி டிரைவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. சொந்தக் கடையில் நீங்கள் ஒளிந்துகொண்டீர்கள். இவன் முகத்தை என் புடவையில் புதைத்துக்கொண்டு ஒருவழியாக நடந்து கடந்துவிடுவான். எனக்கு நேரத்துக்கு வீடு போனால் போதும் என்று இருந்தது.

ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "எம்பேர அவனுக்குச் சொல்லி வையிம்மா. பேரு தெரிஞ்சிட்டா பயம் பூடும்."

"சரிங்கண்ணா. நாளிக்கி அவன உங்ககிட்டயே இட்டுக்கினு வரேன். கையி குடுக்க வைக்கிறேன்."

"வா, வா. அவசரமில்ல."

எனக்கு உங்கள் பேர் தெரியாது, அண்ணா. இரண்டு மாதமாக உங்களிடம் வேலை வாங்கிவிட்டு, உங்க பேர் என்ன என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

அந்த நாளை வரவில்லை. மறுநாள் இவன் முனையிலேயே அதிகமாக அழுதான். எனக்கு இடுப்பு விட்டுப்போகிற வலி. சரி, இன்றைக்கு ஒரு நாள் ஏரிக்கரை வழியாகப் போவோம் என்று திருப்பினேன். சுற்று வழிதான், ஆனால் அழுகை இல்லை. கொக்கைப் பார்த்துக்கொண்டு நடந்தான். அதற்கு மறுநாளும் ஏரிக்கரை. அதற்கு மறுநாளும். ஒரு மாதம் ஓடிவிட்டது. நீங்கள் நாலு மணிக்கு என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் இவனையும் கூட்டிக்கொண்டு மணலூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கேதான் சின்னவள் பிறந்தாள்.

மாசிக் கடைசியில் திரும்பி வந்தேன். முதல் நாள் பால்வாடிக்குப் போகும்போது ரேஷன் கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று வெளுத்துப்போய்ப் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கெடா மீசை. உருட்டாத கண். கீழே பெரிய எழுத்தில் உங்கள் பேர். அப்போதுதான் உங்கள் பேரைத் தெரிந்துகொண்டேன். இதை எழுதும்போதுகூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை துக்கம் கேட்க உங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். சின்னசேலம் ரோட்டில் உள்ளே தள்ளி இருந்தது. உங்கள் வீட்டுக்காரம்மா பாய் எடுத்துப் போட்டார். தை மாதம் ஒரு நாள் காலையில் கடை திறந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக்கின் மேலேயே சாய்ந்துவிட்டீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மீசையோட கம்பீரமா இருப்பாருங்க" என்றேன்.

"மீசையா? அது போஸ்டருக்குப் பழைய போட்டா குடுத்தோம்மா" என்றார். "அவுரு போவும்போது மீச இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"ஆவணி மாசம் ஒரு நாளு மழிச்சிக்கினு வந்து நிக்கறாரு. நா பதறிட்டேன். மீச எடுத்தா யாரோ பூட்டாங்கன்னுதானே அர்த்தம்? கடத் தெருவுல எல்லாம் யாருக்குக் கருமாதின்னு கேட்டாங்களாம். அவுரு சிரிக்கிறாரு. ஒரு கொழந்த என்னப் பாத்து பயப்படுது, மீச இல்லன்னா பயப்படாதுன்னாரு. அந்தப் புள்ள அப்பறம் அந்தப் பக்கமே வர்லியாம். வந்து ஒக்காந்து சொல்வாரு, இன்னிக்கும் வர்ல, இன்னிக்கும் வர்லன்னு. சரி, திரும்ப வளத்துக்கன்னேன். வாணாம், என்னிக்காவது வந்தா மறுபடி பயந்துக்கும்னு சாவற வரைக்கும் மழிச்சிக்கினேதான் இருந்தாரு. யாரு பெத்த புள்ளயோ. ஒரு நாளு வந்து காட்டியிருக்கலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு, "எம்புள்ளதாங்க" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரும் உங்களை மாதிரியே. "இப்ப இட்டுக்கினு வந்திருக்கலாமேம்மா" என்றார். பிறகு டீ போட உள்ளே போனார்.

அன்றிலிருந்து நான் ஏரிக்கரை வழியாகப் போவதில்லை. உங்கள் கடை வழிதான். கதவு பூட்டிக் கிடக்கிறது. ரேஷன் கடை முனை வந்ததும் இவன் "தூக்கு" என்கிறான். இப்போது தூக்கலாம், தூக்கிக்கொள்கிறேன். முன்னைக்கு இப்போது கனம் வேறு. இடுப்பு கழன்றுபோகிறது. கடை வாசலில் நின்று தினமும் சொல்கிறேன். "அம்மா பொய் சொன்னன்டா. அந்த மாமா யாரையும் புடிக்க மாட்டாரு. நல்ல மாமா." உங்கள் பேரையும் சொல்கிறேன். இவன் என் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு, "இல்ல. தெச்சிடுவாரு" என்கிறான். "இல்லடா, அது பொய்." "இல்ல. தெச்சிடுவாரு." ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். முதல் தடவை வாய் தவறிச் சொன்ன பொய்யை அந்த நிமிஷமே நம்பினான். ஒரு மாதமாகத் தொண்டை கிழிய உண்மையைச் சொல்கிறேன், காதிலேயே வாங்க மாட்டேன் என்கிறான். எனக்கு வருகிற ஆத்திரத்தில் இவனை அங்கேயே இறக்கி நிறுத்திவிட்டுப் போய்விடலாமா என்று இருக்கிறது. போன வாரம் பால்கடை முனையில் ஒரு அம்மா தன் பெண்ணிடம், "சாக்குக்காரரு வராரு பாரு" என்று சொன்னாள். "அவரு செத்துட்டாரு, அவரச் சொல்லாத" என்று அவளிடம் சண்டைக்குப் போய்விட்டேன். அவள் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள்.

இன்று சாயங்காலம் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் கடை முன்னால் நின்றேன். காலையில் சாக்கைப் பார்த்து ஓடியவனாயிற்றே, இன்றைக்கு இன்னும் மோசமாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இவன் மெதுவாகக் கழுத்திலிருந்து முகத்தை எடுத்தான். முதலில் ஒரு கண். அப்புறம் இரண்டு கண்ணும். பூட்டிய கதவைப் பார்த்தான். வேப்பமரத்தடியைப் பார்த்தான். நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் சருகு கிடந்தது. வெகு நேரம் பார்த்தான்.

"யாரும் இல்ல" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.

வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினான். நடந்தான். கையைப் பிடிக்கச் சொல்லவில்லை, உட்காரவில்லை, கல் பொறுக்கவில்லை. வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தான். எதற்காக இத்தனை மாதமாக மல்லுக்கட்டினேனோ அது நடந்துவிட்டது. மாமியார் வாசலிலிருந்தே, "பரவால்லியே, பெரிய ஆளாட்டம் நடந்து வரானே" என்றார்.

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை, அண்ணா. நீங்கள் நல்லவர் என்று நம்பி இவன் நடக்கவில்லை. நீங்கள் இல்லை என்று தெரிந்துகொண்டு நடந்தான். இவனுக்காக மீசையை எடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த உங்கள் முகத்தை இவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இவன் பெரியவனாகி, சின்ன வயசில் எங்கள் தெருவில் ஒரு சாக்குக்காரர் இருந்தார், பிள்ளை பிடிக்கிறவர் என்று யாரிடமாவது சிரித்துக்கொண்டே சொல்வான். அப்போது நான் பக்கத்தில் இருந்தால் இல்லை என்று சொல்வேன். நான் சொன்னால் இவன் நம்பவா போகிறான்?